பட்டர்வொர்த்தில் சிக்கிய பேட்டரி: பழைய தேதி போட்டுக் கையெழுத்து கேட்கிறார் ஏஜெண்ட்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் சிறிய பட்டறை வைத்து, சோலார் விளக்குகளுக்கு பேட்டரி பேக் கட்டிக் கொடுக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சீனாவின் ஷென்ஜெனில் உள்ள சப்ளையரிடம் புதிய, ஏ கிரேடு லித்தியம்-அயன் செல்களுக்கு ஆர்டர் கொடுத்து 70 விழுக்காடு பணமும் கட்டிவிட்டார். சரக்கு பட்டர்வொர்த் வந்ததும் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்துவிட்டது. காரணம், இன்வாய்ஸில் ‘கைப்பேசி உதிரிப் பாகங்கள்’ என்று இருந்ததை, அவருக்காகச் சுங்கப் பதிவு செய்யும் ஏஜெண்ட் அப்படியே பதிந்துவிட்டார். இப்போது, அந்த விவரத்தைக் கொடுத்ததே வாசகர்தான் என்று பழைய தேதியிட்டு ஒரு கடிதம் கேட்கிறார். “போட்டுக் கொடுக்கலாமா? என் பணம் திரும்பி வருமா?”

கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜெண்ட் எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி. கே1 என்ற இறக்குமதி அறிவிப்புப் படிவத்தில் இறக்குமதியாளர் என்று இருப்பது உங்கள் கம்பெனி பெயர். 1967 சுங்கச் சட்டத்தின் 133ஆம் பிரிவு பொய் விவரம் கொடுப்பதற்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. “அந்த விவரத்தை நான் கொடுக்கவில்லை” என்பதுதான் இன்று உங்கள் கையில் இருக்கும் கேடயம். அந்தக் கடிதம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஆர்டர் கொடுத்தபோது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் ‘பேட்டரி’ என்றே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அவற்றை இன்றே எடுத்து வையுங்கள்.

பெயரில் ஒரு சின்னப் பிசகு என்று இதை நினைக்க வேண்டாம். தனியாக வரும் லித்தியம்-அயன் செல்லுக்கு ஐநா எண் 3480. ஒன்பதாம் வகுப்பு ஆபத்துச் சரக்கு. உதிரிப் பாகம் என்று எழுதினால் கப்பலில் அடுக்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. தீப்பிடித்தால் முதலில் மாட்டுவது அந்த மனிதர்தான்.

அடுத்தது, தேதி. பறிமுதல் செய்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதே சுங்கச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, சரக்குக்கு உரிமை கோரி சுங்க உயர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கும் இல்லை, கோரிக்கையும் இல்லை என்றால் சரக்கு அரசாங்கத்துக்கே போய்விடும். விவரம் தவறு என்பது வெளிப்படையாக இருப்பதால் ஜெயிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய படங்கள். சோதனையின்போது பெட்டியைத் திறந்து எடுத்தவை. புது நீல உறை போட்ட செல்லின் முனையில் பழைய வெல்டிங் புள்ளிகள் நான்கு, அரம் போட்டுத் தேய்த்த தடத்தோடு. இவை ஏற்கெனவே ஏதோ ஒரு பேக்கிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் போலத்தான் தெரிகின்றன.

இங்கேதான் இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. ‘பழைய செல்’ என்பது சப்ளையருக்கு எதிராக உங்களுக்குப் பலம். அதே சொல் சுற்றுச்சூழல் துறையின் காதில் விழுந்தால் வேறு கேள்வி கிளம்பும். ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிடும் 2005 விதிமுறைகளில் லித்தியம் அடங்கிய பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 103. பட்டியலிட்ட கழிவை முன் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்வதை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34பி பிரிவு தடுக்கிறது. பழைய செல் எல்லாமே கழிவு ஆகிவிடாது. ஆனால் சோதனைச் சான்று இல்லாமல் அதை வாதாடுவது கஷ்டம். அதற்காக ‘புதியவை’ என்று கஸ்டம்ஸுக்கு எழுதிவிடாதீர்கள். ‘புதியவை என்று ஆர்டர் செய்தேன், வந்ததைப் பார்த்த பிறகே சந்தேகம் வந்தது’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வழக்கறிஞர் பார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். மீதி 30 விழுக்காட்டை அனுப்பாதீர்கள். எஃப்ஓபி என்ற விற்பனை முறை என்பதால் கப்பலில் ஏற்றியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்கிறாராம் சப்ளையர். வழியில் கெட்டுப்போனால் அது சரி. ஏற்றியதே வேறு சரக்கு என்றால் அந்தப் பேச்சு எடுபடாது. நம் 1957 சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும் பட்சத்தில், சொன்ன விவரத்தோடு சரக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடம் வரை நேரம் உண்டு.

ஆனால் இங்கே கேஸ் ஜெயித்து அந்தத் தீர்ப்பைச் சீனாவில் வசூலிப்பது பெரும்பாடு. சப்ளையர் முன்கூட்டியே அனுப்பிய புரோஃபார்மா இன்வாய்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். தகராறை நடுவர் மன்றத்தில் தீர்ப்பது பற்றி ஒரு வரி இருந்தால் நல்லது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் மலேசியா, சீனா இரண்டும் இருப்பதால் நடுவர் தீர்ப்பை அங்கே அமல்படுத்தக் கேட்கலாம். அந்தப் பக்கத்தையும் பறிமுதல் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸில் உள்ள தேதியை முதலில் காட்டுங்கள்.