மூன்று மணி நேர விளையாட்டுப் படத்தை உங்களோடு பார்த்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? நீளம் உண்மையிலேயே குறையா?

1962 ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்ற கதையைச் சொல்லும் 'மைதான்' என்ற இந்திப் படத்தை இரண்டு தடவை, இரண்டு விதமான கூட்டத்தோடு பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். 2024 ஏப்ரல் 11 அன்று படம் வந்தது. அதே நாளில் 'ஆவேஷம்' என்ற மலையாளப் படமும் வந்துவிட்டதால் விஷுக் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் போனது. நானும் எங்கள் கால்பந்து கிளப் பையன்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய்ப் பார்த்தோம்.

அரங்கில் பாதிகூட ஆளில்லை. இடைவேளை வரை அங்கங்கே செல்போன் வெளிச்சம். கால்பந்துச் சங்க அலுவலகத்தில் கூட்டம், வாக்குவாதம், மறுபடி கூட்டம், பயிற்சியாளர் மேல் வன்மம் வைத்த பத்திரிகைக்காரர், சிகரெட், இருமல். பின்வரிசையில் ஒரு சிறுவன் "மேட்ச் எப்பப்பா வரும்?" என்று மூன்று முறை கேட்டான். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு ஜோடி இடைவேளைக்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. ஆனால் கதை ஆசிய விளையாட்டு நடந்த ஜகார்த்தாவுக்குப் போனதும் அதே அரங்கு மாறிவிட்டது. இறுதி ஆட்டத்தில் தலையில் தையலோடு ஜர்னைல் சிங் இறங்கியபோது அந்தச் சிறுவன் நாற்காலி மேல் ஏறி நின்றான். அவன் அப்பா உட்காரச் சொல்லவில்லை, அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அதனால் நீளத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'லகான்' 3 மணி 44 நிமிடம். அதில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஒரே கிரிக்கெட் ஆட்டம். யாருக்கும் அலுக்கவில்லை. இன்னும் எத்தனை பந்து, எத்தனை ரன் என்று பார்ப்பவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வரலாம். தவிர, மட்டை பிடித்து வருகிறவன் யார், அவனுக்கு என்ன வரும், என்ன வராது என்பதெல்லாம் அதற்குள் நமக்குப் பாடமாகியிருக்கும். கால்பந்தில் அந்த எண்ணிக்கை கிடையாது. யார் காலில் பந்து இருக்கிறது என்று தெரிந்தால்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அணிக்கு ஏழு பேராக ஆடும் எங்கள் பக்கத்துச் செவன்ஸ் ஆட்டங்களுக்கு வந்து பாருங்கள், ஆட்டக்காரனைத் தெரிந்தவன்தான் கத்துவான்.

'மைதான்' மூன்று மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்யவில்லை. அலுவலக அறைகளுக்கு அள்ளிக் கொடுத்த நிமிடங்களை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்திருக்கலாம். சுனி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜி, துளசிதாஸ் பலராமன், கோல் காத்த பீட்டர் தங்கராஜ்: ஒவ்வொருவரும் தனிப் படத்துக்கு உரியவர்கள். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் நுரையீரல் புற்றுநோயோடு அவர்களை ஜகார்த்தா கூட்டிப்போய், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறு வருடமே இறந்தவர். முதல் ஆட்டத்தில் தங்களை 2-0 என்று தோற்கடித்த அதே தென்கொரியாவை இறுதியில் 2-1 என்று வென்றார்கள். பி.கே. 17-வது நிமிடத்தில் அடித்தார். ஜர்னைல் சிங் 20-வது நிமிடத்தில். ஜர்னைல் தடுப்பு ஆட்டக்காரர்! அவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது ரஹீமின் மூளை. இதற்கு மேல் ஒரு வில்லன் எதற்கு?

இரண்டாவது தடவை, பிரைமில் வந்தபிறகு, கிளப் அறையில் டிவியில் போட்டோம். பையன்களோடு எங்கள் மாமா ஒருவரும் வந்து உட்கார்ந்தார். எழுபது தாண்டியவர். சின்ன வயதில் பாலக்காடு, திருச்சூர் என்று ஆட்டம் பார்க்கவே அலைந்தவர். பையன்கள் "ஓட்டி விடுங்கண்ணா" என்று ரிமோட்டைப் பிடுங்கினார்கள். மாமா மட்டும் விடவில்லை.

"நம்ம இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரன் வரட்டும், அது வரைக்கும் ஓட்டாதீங்க."

வந்தார். மற்றவர்களைப் போலவே அவருக்கும் கொஞ்ச நேரம்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் 1962 தங்க அணியிலும் ஆடிய மலையாளி. "அவ்வளவுதானா?" என்றார் மாமா. மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்து 'அவ்வளவுதானா' என்று கேட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான். அவர் கேட்டது முழுக்க நியாயம்.

படம் முடிந்ததும், "இதைச் சந்திரசேகரன் பாத்தாராடா?" என்று கேட்டார். கொரோனாவில் படப்பிடிப்பு நின்று, 2021-இல் புயலில் செட் சரிந்து, படம் வர 2024 ஆகிவிட்டது. பி.கே.யும் சுனியும் 2020-இல் போய்விட்டார்கள். சந்திரசேகரன் 2021-இல். பலராமன் 2023-இல். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இறுதி ஆட்டத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்த முறை பையன்கள் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை.