கண்ணி போட்டவர்கள் கப்பலைப் பார்க்கவில்லை

கேள்வி: முதல் உலகப் போரில் ஜெர்மனியின் யுசி-5 என்ற குட்டி நீர்மூழ்கிக் கப்பல், நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோவே இல்லாமல், கப்பல் மோதினால் வெடிக்கும் கண்ணிகளைக் கடலில் போட்டே ஏறத்தாழ 30 கப்பல்களை மூழ்கடித்ததாகப் படித்தேன். அதில் இருந்த மாலுமிகள் சுமார் 14 பேர்தானாம். கடற்போரில் இதைவிடப் பெரிய வீரம் உண்டா?

பதில்: அவர்களுடைய துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். 34 மீட்டர் நீளப் படகு. நீர்மேல் ஓட ஒரே ஒரு டீசல் இன்ஜின், 90 குதிரைத்திறன். மணிக்கு 6 கடல்மைல் போகும். கரையில் சைக்கிள் மிதிப்பவர் அதை முந்திவிடுவார்.

உடன் வரும் சரக்கோ இன்னும் மோசம். முன்பக்கத்தில் சாய்வாக 6 குழாய்கள், குழாய்க்கு 2 கண்ணி. குழாய்கள் கடலுக்குத் திறந்தே இருக்கும், கண்ணிகள் நனைந்துகொண்டே வரும். கண்ணி எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைத் துறைமுகத்திலேயே அமைத்துவிட வேண்டும். புறப்பட்ட பிறகு கை வைக்க வழியில்லை. போட்டதும் கண்ணி நங்கூரத்தோடு அடியில் போய் உட்காரும். தண்ணீரில் கரையும் ஒரு அடைப்பு மெல்லக் கரைந்து முடிந்ததும் கண்ணி விடுபட்டு மேலே எழும். அதற்குள் படகு விலகிப் போயிருக்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த யுசி-12, 1916 மார்ச்சில் இத்தாலியின் டாரண்டோ துறைமுகத்துக்கு வெளியே தன் கண்ணியாலேயே வெடித்து மூழ்கியது.

சரி, துணிச்சல் இருந்தது. ஆனால் நீங்கள் வீரத்தை அளப்பது 30 என்ற எண்ணிக்கையை வைத்து. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த 30-இல் ஒன்று 'ஆங்கிலியா'.

1915 நவம்பர் 17. பிரான்ஸின் கலே துறைமுகத்திலிருந்து காயம்பட்ட ஏறத்தாழ 390 பேரை ஏற்றிக்கொண்டு டோவருக்கு வந்துகொண்டிருந்த மருத்துவக் கப்பல் அது. இங்கிலாந்துக் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஃபோக்ஸ்டன் அருகே, யுசி-5 போட்டிருந்த கண்ணியில் மோதியது. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தவர்களால் எப்படி எழுந்து ஓட முடியும்? முன்பக்கம் அமிழ்ந்து பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. கப்பலை உந்தும் விசிறி சுழன்றுகொண்டே இருந்ததால் உதவிக்கு வந்த படகுகள் நெருங்கவே சிரமப்பட்டன. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். காப்பாற்ற வந்த ஒரு நிலக்கரிக் கப்பலும் இன்னொரு கண்ணியில் மோதி அங்கேயே மூழ்கியது.

மருத்துவக் கப்பலைத் தாக்குவது அவர்கள் எண்ணமில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். கண்ணியைப் போட்டவர்கள் ஆங்கிலியாவைப் பார்க்கவே இல்லை. எதிரியை நேருக்கு நேர் பார்த்துப் பொருதுவதைத்தான் நம் மொழியில் வீரம் என்று சொல்லிவந்திருக்கிறோம். வணிகக் கப்பல்களை மறிப்பதற்காக மட்டும் எதிரிக் கரையோரம் கண்ணி போடக்கூடாது என்று கடல் கண்ணிகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1907 ஹேக் உடன்படிக்கையின் 2-வது விதி சொன்னது. ஜெர்மனி அந்த விதிக்கு மட்டும் உடன்படாமல் கையெழுத்திட்டது, பிரான்ஸும் அப்படியே. பிரிட்டனும் இதே போரில் கண்ணிகளைப் போட்டது. எனவே இதில் ஒரு நாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை.

வீரம் என்று தேடினால், மீன்பிடிப் படகுகளில் வடம் கட்டி இழுத்து அந்தக் கண்ணிகளை அறுத்தெடுத்த இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி, லோஸ்டாஃப்ட் துறைமுக மீனவர்களைப் பற்றிப் படியுங்கள். எங்கே கிடக்கிறது என்று தெரியாத கண்ணியைத் தேடி, தெரிந்தே, தினமும் போனவர்கள் அவர்கள். அப்படிப் போன பல படகுகள் திரும்பவில்லை.

யுசி-5 கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1916 ஏப்ரல் 27 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஷிப்வாஷ் மணல்திட்டில் தரைதட்டியது. படகைத் தகர்க்க மாலுமிகள் வெடி வைத்தும் அது முழுதாக அழியவில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஃபயர்டிரேக்' வந்து அவர்களை உயிரோடு மீட்டுச் சிறைப்பிடித்தது. படகை லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அப்புறம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1917-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நிறுத்தி, போர்க் கடன் பத்திரம் விற்றார்கள்.