கால்நடை கேள்வி பதில்: சாக்குல இருக்கற ஜிங்க் குட்டி மேல காணோமே!

கேள்வி: வணக்கம் டாக்டருங்க. ராசிபுரம் பக்கம் சின்னதா வெண்பன்னிப் பண்ணை வெச்சிருக்கறேன். ரெண்டரை மாசக் குட்டி 18 இருக்குது. மொதல்ல வயித்துலயும் தொடை உள்பக்கமும் செவப்பு செவப்பா வந்துது, இப்ப கால் பூராம் காஞ்ச பொருக்கு, தோல் வெடிச்சுக் கெடக்குது, தீனியும் கொறஞ்சு போச்சு. சொறின்னு ரெண்டு தடவ ஐவர்மெக்டின் ஊசி போட்டும் கேக்கல. ஜிங்க் பத்தலைன்னு இங்க டாக்டர் சொல்றாரு. கோழிப்பண்ணைல மிச்சமாகற லேயர் தீவனம் பாதி, தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் பாதின்னுதான் போடறேன். ஜிங்க் சேத்திருக்குதுன்னு அந்தச் சாக்குலயே அடிச்சிருக்கே, அப்பறம் எப்படிங்க கொறையும்?

பதில்: உங்க கேள்விக்குள்ளயே பதில் இருக்குதுங்க. லேயர் தீவனம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் கோளாறு. முட்டை ஓடு கெட்டியா வரணும்னு அதுல கால்சியம் 3.5-ல இருந்து 4 சதவீதம் வரைக்கும் போட்டிருப்பாங்க, உங்க குட்டிக்கு வேணுங்கறதோ 0.7 சதவீதம், பாதிக்குப் பாதி கலந்தாலும் ரெண்டு மடங்குக்கு மேல போகுது. பன்னிக்குட்டி முட்டையா போடப் போகுது?

கால்சியம் கூடுனா ஜிங்க் எங்க போச்சுன்னு கேப்பீங்க. தவிடு, எள்ளுப் புண்ணாக்கு, மக்காச்சோளம் எல்லாத்துலயும் ஃபைட்டேட்னு ஒன்னு இருக்குது, அது ஜிங்க்கைக் கெட்டியாப் புடிச்சுக்கும், கால்சியமும் சேந்துச்சுன்னா மூணும் கரையாத ஒரு கட்டியாட்டம் ஆகி, குடல் உறிஞ்ச முடியாம சாணத்தோட வெளிய போயிரும். அதனால சாக்குல இருக்கும், வயித்துக்குள்ளயும் போகும், ஒடம்புல மட்டும் சேராது. இது ஒன்னும் புதுசு இல்லீங்க, 1955-லயே அமெரிக்காவுல அலபாமாவுல டக்கர், சாமன்னு ரெண்டு பேரு இந்தத் தோல் நோய் ஜிங்க் குடுத்தா சரியாகுதுன்னு காட்டிட்டாங்க.

சொறியா இருந்தா குட்டி செவத்துல, கம்பத்துலன்னு ஒரசி ஒரசியே ரத்தம் வர வெச்சுக்கும், காதுக்குள்ளதான் மொதல்ல ஆரம்பிக்கும். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், அரிப்பு அவ்வளவா இருக்காது, பொருக்கு வறண்டு இருக்கும். உங்க டாக்டர் சரியாத்தான் புடிச்சிருக்காரு.

மொதல் வேலையா லேயர் தீவனத்த இன்னைக்கே நிறுத்துங்க, அத நிறுத்தாம ஜிங்க் மட்டும் கொட்டுனா ஓட்டைக் கொடத்துல தண்ணி ஊத்துன கதைதான். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, பன்னிக்குன்னே விக்கற தாது உப்பு, இதுக்கு மாத்திக்குங்க. 11 கிலோவுக்குக் கீழ இருக்கற குட்டிக்கு ஒரு கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் ஜிங்க் வேணும், 25 கிலோ எடை வரைக்கும் 80, அப்பறம் 60, 50 கிலோவத் தாண்டுனா 50 போதும். சின்னதுக்குத்தான் ஜாஸ்தி வேணும், அத நெறைய பேரு தலைகீழா நெனச்சுக்கறாங்க. இப்போதைக்கு 100 கிலோ தீவனத்துக்கு ஜிங்க் சல்ஃபேட், 36 சதவீதம் ஜிங்க் இருக்கறதா இருந்தா 28 கிராம், 22 சதவீதம் இருக்கறதா இருந்தா 45 கிராம். அத நேரா கொட்டாதீங்க, ஒரு ரெண்டு கிலோ தவுட்டுல நல்லாப் பெசறிட்டு அப்பறம் மொத்தத்துலயும் கலக்கணும், இல்லாட்டி ஒரு குட்டிக்கு அள்ளிப் போட்டதும் இன்னொன்னுக்கு ஒன்னுமே இல்லாததுமா ஆயிரும்.

காட்டுக்குப் போடன்னு ஒரக்கடைல விக்கற ஜிங்க் சல்ஃபேட் மலிவா கெடைக்குதுன்னு அத வாங்கிராதீங்க, அதுல ஈயம், காட்மியம் இருக்கலாம். தீவனத் தரம்னு கேட்டு வாங்குங்க. மெடிக்கல்ல கொழந்தைக்கு வாங்கற 20 மில்லிகிராம் மாத்திரையும் கட்டுபடி ஆகாது, ஒரு குட்டிக்கே நாளைக்கு நாலு வேணும், 18 குட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க!

தீனி மொதல்ல திரும்பும், தோல் தெளிய ரெண்டு மூணு வாரம் ஆகும். அப்பவும் கேக்கலைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு குட்டியக் கொண்டுபோய்க் காட்டிருங்க.

கேள்வி: பால் மறக்கடிச்ச குட்டிக்குக் கழிச்சல் நிக்கறதுக்கு டன்னுக்கு மூணு கிலோ ஜிங்க் ஆக்சைடு போடுங்கறாங்க, போடலாங்களா? (கோபியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கழிச்சல் நிக்கும், பொய் இல்ல. ஆனா அது சத்துக்குப் போடற அளவு இல்லீங்க, மருந்து அளவு, ஒரு கிலோ தீவனத்துக்கு ஜிங்க் 2,400 மில்லிகிராம் கிட்ட வரும். ரெண்டு வாரத்துக்கு மேல போனா செம்புச்சத்தக் கெடுத்து ரத்தசோகை வரைக்கும் இழுத்து விட்டுரும். பெரும்பகுதி சாணத்துலதான் போகும், அந்த எருவ நீங்க மஞ்சக்காட்டுக்குத்தானே அடிப்பீங்க? மண்ணுல ஜிங்க் சேருது, மருந்துக்கு அடங்காத கிருமியும் பெருகுதுன்னுதான் ஐரோப்பாவுல 2022 ஜூன்ல இதத் தடை பண்ணாங்க. நான் போடச் சொல்ல மாட்டேன். பால் மறக்கடிக்கறத ஒரு வாரம் தள்ளிப் போட்டு, தரை ஈரம் இல்லாமப் பாத்துக்குங்க, தீனியக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு நாளைக்கு அஞ்சாறு தடவ வைங்க.