மோட்டார் பழுது வீடியோ சேனல்: எங்கிருந்து தொடங்குவது?

காட்பாடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறீர்கள், பழுது பார்க்கும் வீடியோ சேனல் தொடங்க எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கையிலிருக்கும் போனே போதும், ஒரு காலர் மைக் மட்டும் வாங்குங்கள். பேரிங் இரைச்சலைப் பதிவு செய்யும்போது பேசாமல் போனை அருகே பிடியுங்கள். பார்ப்பவர் தன் மோட்டார் சத்தத்தோடு ஒப்பிட அதுதான் உதவும்.

கழற்றி மாட்டுவதை யாரும் காட்டலாம். ஏன் அந்தப் பாகத்தைச் சந்தேகப்பட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குடியாத்தம் பக்கத்துக் கிணற்று மோனோபிளாக் மோட்டாரையே (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) எடுத்துக்கொள்வோம். ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. நிறுத்திவிட்டு, பம்பிலும் உறிஞ்சு பைப்பிலும் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். மட்டம் இறங்கினால் பெரும்பாலும் ஃபுட் வால்வு (உறிஞ்சு பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது) கசிகிறது. மட்டம் இறங்காமல் நின்றும், மோட்டாரைப் போட்டால் தண்ணீர் ஏறவில்லையா? கிளாண்டிலோ (பம்ப் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் இடம்) பைப் இணைப்பிலோ காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். கோடையில் இன்னொன்றும் உண்டு. பம்ப் உறிஞ்சும்போது காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும் உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் அளவுதான். கிணற்று நீர்மட்டம் பம்பிலிருந்து அதற்கும் கீழே போயிருந்தால் மோட்டாரில் கோளாறே இருக்காது. இதை அளந்து காட்டினால் ஒரு விவசாயிக்கு வீண் செலவு மிச்சம்.

அப்புறம், கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்க ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்குவதை ஒவ்வொரு வீடியோவிலும் தயவுசெய்து காட்டுங்கள். வண்டி என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, நம்பர் பிளேட்டை மறைத்து எடுங்கள்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். யூடியூபில் நீள வீடியோக்களுக்கு விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதுவரை ஷெட் வேலையைக் குறைக்காதீர்கள்.