இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலில் படித்த புகழ்பெற்றவர்கள் யார் யார்? இணையப் பட்டியல்களை நம்பலாமா?

சந்தேகமில்லாத பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடிகர்கள் பென் கிங்ஸ்லி, ராபர்ட் பவல். கிரிக்கெட்டில் மைக் ஆதர்டன், ஜான் கிராலி. கணிதத்தில் மைக்கேல் அத்தியா. வேதியியல் நோபல் வாங்கிய ஜான் பொலானி. திரைக்கதை எழுதிய ராபர்ட் போல்ட். எழுத்தாளர்கள் தாமஸ் டி குவின்சி, ஆலன் கார்னர். நாடக இயக்குநர் நிக்கோலஸ் ஹைட்னர். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரைப் பெரிய நிறுவனமாக்கிய சைமன் மார்க்ஸ், இஸ்ரேல் சீஃப். பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது பணக் கணக்கு. யார் கட்டணம் கட்டினார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. உள்ளே வந்த பையன்களும் மாறினார்கள்.

பள்ளியை 1515இல் நிறுவியவர் எக்ஸிட்டர் பிஷப் ஹியூ ஓல்டம். இர்க் ஆற்றங்கரையில் இருந்த மாவு மில்களின் வருமானத்தைப் பள்ளிக்கு எழுதிவைத்தார். ஊர்க்காரர்கள் அந்த மில்களில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்ததால் காசு வந்துகொண்டே இருந்தது, படிப்பு இலவசமாக நடந்தது. டி குவின்சி 1800இல் இங்கே சேர்க்கப்பட்டதற்கும் காரணம் பணம்தான். இங்கே மூன்று வருடம் படித்தால் ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரிக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பது அவருடைய காப்பாளர்களின் கணக்கு. பையன் அதற்குள் 1802இல் ஓடிப்போய்விட்டார். அவரைப் பள்ளி 'உருவாக்கியது' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பின்னாளில் கட்டணம் வந்தது. அதன் விளைவை ஜேம்ஸ் சாட்விக் கதையில் பார்க்கலாம். 1932இல் நியூட்ரானைக் கண்டுபிடித்து 1935இல் இயற்பியல் நோபல் வாங்கிய அதே சாட்விக்தான். அவருக்கு இந்தப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. மீதிச் சிறு தொகையைக் கட்டக்கூட வீட்டில் வழியில்லை. அதனால் சென்ட்ரல் கிராமர் ஸ்கூலில் படித்தார். அதுவும் மான்செஸ்டரில்தான் இருந்தது, அதன் பெயரிலும் 'கிராமர்' உண்டு. இந்தக் குழப்பத்தில் சாட்விக்கைத் தூக்கி இந்தப் பள்ளியின் கணக்கில் போட்டுவிடுவது எளிது.

1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ். 'டைரக்ட் கிராண்ட்' முறையில் அரசு பள்ளிக்கு நேரடியாக மானியம் தந்தது. பதிலுக்குப் பள்ளி ஒரு பகுதி இடங்களை இலவசமாகத் தர வேண்டும். நுழைவுத் தேர்வில் நன்றாக எழுதினால் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கும் இடம் உண்டு. 1945 முதல் 1962 வரை தலைமையாசிரியராக இருந்த எரிக் ஜேம்ஸ் இந்த முறையின் பெரிய ஆதரவாளர். கிங்ஸ்லி, பவல், கார்னர் எல்லாம் இந்தக் காலத்துப் பையன்கள். கிங்ஸ்லியின் இயற்பெயர் கிருஷ்ணா பாஞ்ஜி. அப்பா கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்தி வம்சாவளி மருத்துவர். பழைய ஆவணங்களில் தேடினால் பாஞ்ஜி என்றுதான் தேட வேண்டும்.

1970களின் நடுவில் அரசு அந்த மானியத்தை நிறுத்தியது. பள்ளி முழுக்கத் தனியாராகிவிட்டது. ஆதர்டன் 1968இல் பிறந்தவர். அவர் சேரும்போது இது கட்டணப் பள்ளி. 1995இல் ஜொகன்னஸ்பர்க்கில் 643 நிமிடம் நின்று ஆட்டமிழக்காமல் 185 எடுத்து டெஸ்டைக் காப்பாற்றியவர், 54 டெஸ்டுகளில் இங்கிலாந்தின் கேப்டன். நம்மவர்களுக்குக் கிராலியையும் ஞாபகம் இருக்க வேண்டும். 1998 ஓவல் டெஸ்டில் முரளிதரன் 16 விக்கெட் எடுத்தாரே, அதில் முதல் இன்னிங்ஸில் முரளியைச் சமாளித்து ஆட்டமிழக்காமல் 156 அடித்தவர் கிராலி. ஆனாலும் இலங்கை 10 விக்கெட்டில் ஜெயித்தது. அடுத்த வருடமே முரளி இங்கிலாந்தின் லங்காஷயர் கவுண்டி அணிக்கு ஆட வந்தார். அப்போது அந்த அணியின் கேப்டன் இதே கிராலி.

இனி, ஒரு பெயரைச் சரிபார்ப்பது எப்படி?

முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். இது ஆண்கள் பள்ளி. பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் போன்ற பெயர் பட்டியலில் இருந்தால், அது மான்செஸ்டர் ஹை ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ் கணக்கு.

அடுத்து வருடமும் இடமும். 1931 வரை பள்ளி நகர மையத்தில் கதீட்ரலை ஒட்டிய லாங் மில்கேட்டில் இருந்தது; அதன்பின் ஃபாலோஃபீல்டுக்குப் போனது. 1920இல் ஒருவர் ஃபாலோஃபீல்டில் படித்தார் என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையின் மற்ற வரிகளையும் சந்தேகிக்கலாம்.

முன்னாள் மாணவர்களை 'ஓல்ட் மான்குனியன்' என்பார்கள். வெறும் 'மான்குனியன்' என்றால் மான்செஸ்டர்க்காரர் என்றுதான் அர்த்தம். தப்புப் பெயர்கள் நுழைவதற்கு இது ஒரு பெரிய ஓட்டை. சால்ஃபோர்ட் கிராமரில் படித்த இயக்குநர் மைக் லீ போன்றவர்களை இங்கே சேர்த்துவிடாதீர்கள். இன்று இங்கிலாந்தில் கட்டணமில்லாத அரசு கிராமர் பள்ளிகள் 163 இருக்கின்றன. பெயரில் 'கிராமர்' இருப்பதை வைத்துத் தனியார் பள்ளி என்று முடிவுகட்ட முடியாது.

எத்தனை வருடம் படித்தார் என்றும் பாருங்கள். அத்தியாவின் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் சூடானிலும் எகிப்திலும்தான். கேம்பிரிட்ஜ் நுழைவுக்காக 1945 முதல் 1947 வரை இங்கே இருந்தார். கணிதத்தின் பெரிய விருதுகள் இரண்டும் வாங்கியவர்: 1966இல் ஃபீல்ட்ஸ் பதக்கம், 2004இல் ஏபெல் பரிசு. அவரை முன்னாள் மாணவர் என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவருடைய மேதைமைக்கு மான்செஸ்டர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. கெய்ரோவும் அலெக்சாண்டிரியாவும் சண்டைக்கு வரும்.

சரிபார்க்க நல்ல இடங்கள் மூன்று. வாழ்கிறவர் என்றால், பிரபலங்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தரும் 'ஹூ இஸ் ஹூ' தொகுப்பு. அதில் படித்த பள்ளியை அவரே எழுதிக் கொடுத்திருப்பார். இறந்தவர் என்றால் ஆக்ஸ்ஃபோர்ட் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி. நோபல்காரர்களுக்கு நோபல் தளத்தில் உள்ள தன்வரலாற்றுக் குறிப்பு போதும்.

ஒரு உபரித் தகவல்: தொலைக்காட்சி வரலாற்றாளர் மைக்கேல் வுட்டும் இந்தப் பள்ளிதான். சிதம்பரத்தை மையமாக வைத்துத் தமிழ்நாட்டுக் கோயில் பயணங்களைப் பற்றி 1990களில் முழுப் புத்தகமே எழுதினார். பிரபலங்கள் பட்டியலைத் தமிழில் எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிடக் கூடாது.