கூட்டுவது யார் வேலை?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே குடிசார் பொறியியல் டிப்ளோமா மாணவருக்கு மண் பொறியியல் கற்பிக்கிறேன். ஐந்து வினாக்களில் நான்குக்கு எழுதினால் போதும் என்று சலுகையும் உண்டு. வகுப்புச் சராசரி 60க்குக் குறைவதில்லை. ஆனால் பயிற்சிக்கு அனுப்பும் இடங்களிலிருந்து, ஒரு சரிவைப் பார்த்து எதுவும் சொல்லத் தெரியவில்லை என்று முறைப்பாடு வருகிறது. கற்றல் பேறுகளை, அதாவது பாடம் முடியும்போது மாணவருக்குக் கைவந்திருக்க வேண்டியவற்றை, எட்டியதற்கு மதிப்பீட்டுக் குழு ஆதாரம் கேட்கிறது. விடைத்தாள்களை நான் திருத்துவேன்; புள்ளிகளைக் கூட்டிப் பட்டியல் போடுவதை ஆசிரியையான என் மனைவி செய்துதருவார். பிள்ளைகளுக்கு அடிப்படை போதாது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பிள்ளைகளின் அடிப்படையைப் பிறகு பார்ப்போம். பட்டியலை மனைவி போடுகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள். பகலெல்லாம் வகுப்பில் நின்றுவிட்டு வந்து, அடுப்பையும் பார்த்து, உங்கள் விடைத்தாள்களுக்கும் அவரா கண்விழிக்க வேண்டும்? இந்த வேலைக்குச் சம்பளம் வாங்குவது நீங்கள். அது கிடக்க, குழு கேட்கும் ஆதாரம் முழுவதும் நீங்கள் அவர் தலையில் கட்டிய அந்த வேலைக்குள்தான் இருக்கிறது. உங்கள் கைக்குத் திரும்பி வருவது வெறும் மொத்தம். 64 எடுத்த பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அந்த 64 சொல்லுமா?

அடுத்து, அந்தச் சலுகை. பிள்ளைகள் விட்டுவிடுவது பெரும்பாலும் சரிவின் உறுதிநிலை பற்றிய வினாவாகத்தான் இருக்கும். கணக்கு நீளம், படமும் வரைய வேண்டும், யார் தொடுவார்கள்? மண் வகைப்பாடு, ஈரப்பதன் என்று மற்ற நான்கையும் எழுதிக் கரையேறிவிடுகிறார்கள். சரிவின் பாதுகாப்பைக் கணிக்காமலே சித்தியடைய வழி திறந்துவைத்தது நீங்கள். அதுவும் எந்த மண்ணில்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டோமா? 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு குறித்து அவதானமாக இருக்கச் சொல்கிறது. நீர் இறங்க இறங்க மண்துளைகளில் நீரமுக்கம் ஏறுகிறது, துகள்களுக்கிடையிலான பிடி தளர்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைக் காட்டித் தன் தாய்க்கு இதை விளக்கத் தெரியாத பிள்ளைக்கு டிப்ளோமா எதற்கு?

அந்த வினாவைக் கட்டாயமாக்குங்கள். வினாத்தாள் எழுதும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அது எந்தக் கற்றல் பேற்றைச் சோதிக்கிறது என்று குறியுங்கள். எதையும் சோதிக்காததை வெட்டுங்கள். திருத்தியபின் மாணவர் பெயர் நிரையில், வினாப் பகுதி நிரலில் என்று கட்டம் போட்டு நீங்களே நிரப்புங்கள். ஒரே நிரலில் பாதிப் பேருக்கு மேல் விழுந்திருந்தால் குறை உங்கள் கற்பித்தலில், அல்லது வினாவில். ஒரு சிலர் எல்லா நிரலிலும் விழுந்திருந்தால் அப்போது வாருங்கள், அடிப்படையைப் பற்றிப் பேசுவோம். அடுத்த அரையாண்டில் எதை மாற்றினீர்கள், அதே பேற்றில் புள்ளி ஏறியதா என்பதையும் கீழே எழுதிவையுங்கள். குழுவிடம் காட்ட வேண்டிய கோப்பு இதுதான். இதற்கென்று வேறு அறிக்கை சோடிக்கத் தேவையில்லை.

இறுதிப் பரீட்சை வரை காத்திருக்கவும் வேண்டாம். அரையாண்டின் நடுவிலேயே வகுப்பைக் கூட்டிப்போய்ப் பாதையோரம் வெட்டிய சரிவொன்றின் எதிரே நிறுத்தி, கண்டதைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம்.