சிறுவர் அணிக்கு ஸ்பான்சர் செய்ய கார் டீலர் ஒருவர் முன்வருகிறார். அது அக்கறையா, விளம்பரமா? ஏற்றுக்கொள்ளலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒரு சிறுவர் விளையாட்டுக் கழகத்தில் பொறுப்பில் இருக்கிறீர்கள். பக்கத்தில் உள்ள கார் டீலர் சீருடைக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "நம்ம பிள்ளைகளை வைத்து விளம்பரம் தேடுகிறார்" என்று கழகத்தில் சிலர் தயங்குகிறார்கள்.

கார் டீலர்ஷிப் ஒன்றில் மார்க்கெட்டிங் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். உதவி கேட்டு வரும் கடிதங்களைப் படித்து, யாருக்கு என்ன செய்யலாம் என்று முதலாளியிடம் எடுத்துச் சொல்வதும் என் பொறுப்பாக இருந்தது. அதை வைத்துச் சொல்கிறேன்: ஆமாம், அது விளம்பரம்தான். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சீருடையோடு நிறுத்திவிடாதீர்கள். டீலரின் கட்டடத்தில் பணத்தைவிட மதிப்பானது ஒன்று இருக்கிறது, கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கமே போவதில்லை.

முதலில் டீலர் ஏன் இதையெல்லாம் செய்கிறார் என்று பார்ப்போம். கார் கம்பெனி வேறு, டீலர் வேறு. கம்பெனி எங்கு வேண்டுமானாலும் விற்கும். டீலர் தனக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் பிழைக்க வேண்டும். ஷோரூம், வண்டியைத் தூக்கும் லிஃப்ட், பெயின்ட் பூத், ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டாக் என்று போட்ட முதல் அத்தனையும் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது. புது கார் விற்பதில் கையில் நிற்பது கொஞ்சம்தான். சர்வீஸ், பார்ட்ஸ், இன்சூரன்ஸ், கடன் ஏற்பாடு, பழைய கார் வியாபாரம் ஆகியவற்றில்தான் கடை ஓடுகிறது. அதற்கு, கார் வாங்கியவர் வருடா வருடம் திரும்பி வர வேண்டும். வெளியில் இருக்கும் மெக்கானிக்கை விட்டுவிட்டு இவரிடம் வர வேண்டுமென்றால் இவர் மேல் ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத் தேடித்தான் அணியின் சட்டையில் பெயர் போடுகிறார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, நேரிலேயே கேட்டாலும் சொல்வார்.

சிறுவர் விளையாட்டுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1939-இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர் பேஸ்பால் லீக் ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் லிட்டில் லீக் அதுதான். தொடங்கும்போது அவரிடம் பணம் இல்லை. ஸ்பான்சர் தேடி ஏறி இறங்கிய பல இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பால் பண்ணை, ஒரு மரக்கடை, பிரெட்சல் என்ற முறுக்கு மாதிரியான தின்பண்டம் தயாரிப்பவர் என மூன்று நிறுவனங்கள் முன்வந்தன, முதல் மூன்று அணிகளும் அவர்கள் பெயரிலேயே ஆடின. அந்த மூவரும் விளம்பரத்துக்காகச் செய்தார்களா, பாசத்தில் செய்தார்களா என்று இன்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் ஆடினார்கள் என்பதுதான் நின்றது.

ஆனாலும் ஸ்பான்சர்ஷிப்பும் நன்கொடையும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டும் இரண்டு கணக்கிலிருந்து வருகின்றன. ஸ்பான்சர்ஷிப் என்பது விளம்பரச் செலவு. பல இடங்களில் அதில் ஒரு பங்கை கார் கம்பெனியே டீலருக்குத் திருப்பித் தரும், தன் லோகோவைச் சொன்ன அளவில், சொன்ன நிறத்தில் போட்டிருந்தால். பேனரில் லோகோ கொஞ்சம் நகர்ந்தாலும் டீலர் ஏன் பதறுகிறார் என்பதற்குக் காரணம் அதுதான். சட்டமும் இதைப் பிரித்தே பார்க்கிறது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் வரும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் தன் பொருளுக்கு விளம்பரப் பலன் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. அமெரிக்க வரிச் சட்டத்தில் தொண்டு அமைப்பு தன் ஸ்பான்சரின் பெயரையும் லோகோவையும் நன்றியாகப் போடலாம். "இவர்களிடம் கார் வாங்குங்கள், விலை குறைவு" என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும், அந்த வருமானத்துக்கு வரி விழலாம். இது உங்களுக்கும் நல்ல அளவுகோல்: பெயர் போட்டு நன்றி சொல்லுங்கள், விற்றுக் கொடுக்காதீர்கள்.

விற்பனையோடு சேர்த்துக் கட்டிய திட்டங்களும் உண்டு. 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கிரெடிட் கார்டு நிறுவனம், தன் கார்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சென்ட் என்று சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்கக் கொடுத்து, 17 லட்சம் டாலர் சேர்த்தது. கார் உலகமும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. ஃபோர்டு 2007-இல் தொடங்கிய பள்ளித் திட்டத்தில், டீலர் பள்ளி மைதானத்துக்கே கார்களைக் கொண்டுவந்தார், ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 டாலர் பள்ளிக்குப் போனது. சுபாரு 2008 முதல் வருடக் கடைசியில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் 250 டாலர் என்று தர ஆரம்பித்தது, எந்தத் தொண்டு அமைப்புக்கு என்பதை கார் வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். இவற்றில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது ஹூண்டாயின் குழந்தைப் புற்றுநோய் நிதி. 1998-இல் அதற்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி டீலர்கள். கம்பெனி மேலிருந்து உத்தரவு போட்டு வந்ததல்ல, கடை நடத்துகிறவர்களிடமிருந்து மேலே போனது.

இப்படி 'ஒரு காருக்கு இவ்வளவு' என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: உச்சவரம்பு எவ்வளவு, விற்பனை குறைந்தாலும் குறைந்தபட்சம் எவ்வளவு தருவீர்கள்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்தால்தான் அது திட்டம்.

கோல்ஃப் போட்டிகளில் ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டால் கார் பரிசு என்று புத்தம் புதுக் காரை நிறுத்தியிருப்பார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை டீலர் பெரும்பாலும் தன் கையிலிருந்து தருவதில்லை. அதற்கென்றே பரிசு இன்சூரன்ஸ் இருக்கிறது. பிரீமியம் கட்டிவிட்டால், யாராவது ஜெயித்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தரும். சாதாரண ஆட்டக்காரர் அப்படி அடிக்க வாய்ப்பு சுமார் 12,500-இல் ஒன்று என்பார்கள். நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்க்க நல்ல வழிதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஷோரூமிடம் மட்டும் கேட்காதீர்கள், ஒர்க்‌ஷாப்பிடம் கேளுங்கள்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றிலிருந்து ஆண்டு விழா பேனருக்கு உதவி கேட்டு வந்திருந்தார்கள். வழக்கமான கடிதம், வழக்கமான தொகை. அவர்கள் வந்த வேன் வெளியே நின்றது. எங்கள் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் தற்செயலாக அதைச் சுற்றி வந்து, குனிந்து முன் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெளிப்பக்கம் நன்றாகத் தெரிந்த டயர் உள்ஓரத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கதவைத் திறந்தால் சக்கர நாற்காலியைப் பிடித்து நிறுத்த வேண்டிய பட்டை இல்லை, நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு சீட்டில் பெல்ட் இருந்தது, அதன் கொக்கி சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அவர் என்னிடம் வந்து, "சார், பேனர் அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வண்டியை முதல்ல லிஃப்ட்ல ஏத்துவோம்" என்றார்.

அன்றே ஏற்றினார்கள். அலைன்மென்ட், டயர், பிரேக், பெல்ட் எல்லாம் சரி செய்து, நாற்காலிக்குத் தரைக்கொக்கியோடு முறையான பட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். அதன்பிறகு அந்த வேனின் பராமரிப்பை டீலர்ஷிப்பே எடுத்துக்கொண்டது. எந்தச் சட்டையிலும் எங்கள் பெயர் வரவில்லை. ஆனால் மெக்கானிக்குகள் அந்த வேன் வந்தால் போட்டி போட்டுக்கொண்டு போவார்கள். ஒரு டீலர்ஷிப் செய்யக்கூடியதில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை என்று மனதாரச் சொல்கிறேன்.

பணம் யார் வேண்டுமானாலும் தரலாம். வண்டியைத் தூக்கிப் பார்க்கும் லிஃப்ட்டும், கைதேர்ந்த ஆட்களும் இவர்களிடம்தான் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் சாலை விபத்தில் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். உங்கள் கழகத்துப் பிள்ளைகள் அந்த வயதுக்காரர்கள்தானே! அவர்கள் போட்டிக்குப் போகும் வண்டியைச் சீசன் தொடங்குமுன் ஒருமுறை பரிசோதித்துத் தரச் சொல்லுங்கள். பெற்றோருக்காக ஒரு சனிக்கிழமை குழந்தை இருக்கை முகாம் நடத்தச் சொல்லுங்கள். சரியாகப் பொருத்திய இருக்கை, காரில் போகும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உயிரிழப்பு அபாயத்தை 71 சதவீதம், ஒன்று முதல் நான்கு வயது வரை 54 சதவீதம் குறைக்கும் என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு. இதில் 'சரியாகப் பொருத்திய' என்பதுதான் விஷயம். பலர் இருக்கையை வாங்கிவிடுகிறார்கள், பட்டையை இறுக்குவதில்லை. கற்றுக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் சில நிமிட வேலை.

பரந்த பார்க்கிங் இடம் ரத்ததான முகாமுக்கு உதவும். விற்க முடியாத பழைய எஞ்சினும் கியர்பாக்ஸும் தொழிற்கல்வி மாணவர்கள் பிரித்துப் பழகப் போதும். வெளியூர்ப் போட்டிக்கு ஒரு நாள் வேன் கிடைக்குமா என்று கேட்டால், பல டீலர்கள் யோசிக்காமல் சாவியைத் தருவார்கள். இன்சூரன்ஸ் யார் பெயரில், யார் ஓட்டுவது என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படிப் போய்ப் பேசுவது? அடுத்த வருட பட்ஜெட் போடுவதற்கு முன்பே போங்கள். மாதக் கடைசியில் போகவே போகாதீர்கள், டார்கெட் நெருக்கடியில் யாருக்கும் காது கேட்காது. கடிதம் ஒரு பக்கம் போதும்: எத்தனை பிள்ளைகள், என்ன தேவை, எந்தத் தேதி, பொறுப்பு யார். ஒரு வருடத்துக்குப் பெரிய தொகையைவிட மூன்று வருடத்துக்குச் சிறிய தொகையைக் கேளுங்கள். விற்பனை மந்தமான வருடத்திலும் தொடர்கிறார் என்றால் அந்த டீலரை நம்பலாம். சீசன் முடிந்ததும் செலவுக் கணக்கையும் நாலு புகைப்படத்தையும் கொண்டுபோய் நேரில் கொடுங்கள். பணம் வாங்கியபின் திரும்பி வருகிறவர்கள் மிகக் குறைவு, வருகிறவர்களை முதலாளி மறக்கமாட்டார்.

கழகத்தில் தயங்குகிறவர்கள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், அதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பெற்றோரின் தொலைபேசி எண் பட்டியலை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது, பரிசுக் குலுக்கல் என்று சொல்லிக் கேட்டாலும். பிள்ளைகளின் படத்தைப் போட ஒவ்வொரு பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். மைதானத்தில் பேனர் இருக்கலாம், விற்பனை ஆள் நிற்கக் கூடாது. நல்ல டீலர் இந்த மூன்றையும் படித்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போடுவார்.